கீழ் ஓரத்து வெள்ளை

சதாசிவத்துக்குப் பிள்ளை குட்டி இல்லை. சண்டை விமானப் படங்கள் இருந்தன. அவர் மனைவி ராஜம் இதை வருத்தமாகச் சொல்வதில்லை, எரிச்சலாகத்தான் சொல்வாள். கல்பாக்கத்தில் அணுசக்தி வேலையிலிருந்து ஓய்வு பெற்று, புதுப்பட்டினத்தில் வீடு கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து ஒரு முழு அறை அந்தப் படங்களுக்குத்தான். உலகப் போரில் பறந்தவை, பாகிஸ்தான் போரில் பறந்தவை, புகை விட்டுக்கொண்டு விழுபவை, மேகத்துக்குள்ளிருந்து பாய்பவை. லண்டனிலிருந்தும் டெல்லியிலிருந்தும் அட்டைக் குழாய்களில் வரும். வந்ததும் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, மேலே மெல்லிய தாள் போட்டு, அகலமான இழுப்பறைக்குள் படுக்க வைத்துவிடுவார். சுவரில் ஒன்றுகூட மாட்டியதில்லை. வெயில் பட்டால் வெளுத்துவிடுமாம், கடல் காற்று பட்டால் தாள் ஊறிவிடுமாம். பார்ப்பதற்கென்று வரைந்ததை இருட்டில் போட்டு வைக்கிற மனுஷரை என்னவென்று சொல்வது?

எல்லாம் அச்சுப் படங்கள்தான். ஆனால் அடியில் நாலு விரற்கடை வெள்ளை விட்டிருப்பார்கள். அந்த விமானங்களை உண்மையில் ஓட்டியவர்கள் அந்த வெள்ளையில் பென்சிலால் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். உலகம் முழுக்க இதைச் சேர்க்கிறவர்களுக்கு அந்தப் பென்சில் கோடுதான் உயிர். "கையெழுத்து இல்லேன்னா அது காலண்டர்" என்பார் சதாசிவம்.

அவரிடமிருந்த ஒரு படத்துக்கு மட்டும் முழு உயிர் இல்லை. எழுபத்தொன்றாம் வருஷப் போரில் பறந்த நேட் என்கிற சின்னச் சண்டை விமானங்கள் ஐந்து, ஆற்றுக்கு மேலே தாழப் பறந்து போகிற படம். ஓட்டிய ஐந்து பேரில் நாலு பேர் வரிசையாகக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஐந்தாமவர் வரதன், சதாசிவத்தின் கூடப்பிறந்த தம்பி. அவர் போடவில்லை.

காரணம் பழசு. அம்மா இறந்தபோது வரதன் அஸ்ஸாமில் இருந்தார். வந்துகொண்டிருக்கிறேன், எடுத்துவிட வேண்டாம் என்று தந்தி அடித்தார். சதாசிவம் உறவுக்காரர்களின் நச்சரிப்பைக் கேட்டு எடுத்துவிட்டார். தாயின் முகத்தைப் பார்க்க ஓடி வந்த பிள்ளைக்குச் சாம்பல்தான் கிடைத்தது. அன்றோடு அண்ணன் தம்பி பேச்சு அற்றுப்போனது. பல வருஷம் கழித்து இந்தப் படம் வந்ததும், சதாசிவம் அதைத் தெரிந்தவர்கள் கையில் இரண்டு தடவை தம்பிக்கு அனுப்பினார். மன்னிப்புக் கேட்க வாய் வராத மனுஷர், கையெழுத்துக் கேட்டார். இரண்டு தடவையும் அந்த மூலை வெறுமையாகவே திரும்பி வந்தது. அதன்பிறகு தம்பியின் பெயரை எடுத்தாலே எழுந்து போய்விடுவார்.

போன வாரம் வரதனின் மகன் நிதின் ராஜத்துக்குப் போன் செய்தான். பொத்தேரியில் அவனுடைய ஃபிளாட்டில்தான் வரதன் இருந்தார். "அப்பாவுக்கு ரொம்ப முடியல பெரியம்மா. டாக்டர், இனி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லிட்டார்."

ராஜம் யோசித்தாள். கணவர் கண் பரிசோதனைக்குப் போன நேரம் பார்த்து, இழுப்பறையிலிருந்து படத்தை எடுத்துக் குழாயில் சுருட்டிக்கொண்டு, டாக்ஸி பிடித்துப் பொத்தேரிக்குப் போனாள். இத்தனை வருஷத்தில் அவரிடம் கேட்காமல் அவள் அந்த அறையில் எதையும் தொட்டதில்லை.

வரதன் படுக்கையோடு படுக்கையாக ஒட்டிப்போயிருந்தார். நிதின் மருந்து வாங்கக் கீழே போயிருந்தான். ராஜம் படத்தை விரித்து அவர் முன்னால் பிடித்தாள். வெகு நேரம் பார்த்தார்.

"மூணாவது என்னோடது அண்ணி" என்றார். பிறகு, "பென்சில் இருக்கா?" என்று கேட்டார்.

அவர் கை நடுங்கிய நடுக்கத்தில் ராஜத்துக்கு அழுகை வந்துவிட்டது. தாள் நகராமல் இருக்க அதை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டாள். போட்டு முடித்ததும் வரதனுக்கு மூச்சு வாங்கியது. "அண்ணனை வரச் சொல்லுங்க" என்றார். "இதைக் காட்டிட்டு வரச் சொல்லுங்க."

அங்கிருந்து நேரே வீட்டுக்கு வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. வழியில் செங்கல்பட்டு வந்தபோது ராஜத்துக்குப் புத்தி வேறு பக்கம் போயிற்று. அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு. இந்த ஒரு படமாவது சுவரில் தொங்கட்டும், கூடத்தில் மாட்டி வைத்து, கணவரை அழைத்து வந்து நிறுத்திக் காட்டலாம் என்று ஆசைப்பட்டாள். அதுவரை அவரிடம் சொல்லக்கூடாது என்று வைத்துக்கொண்டாள். பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சந்துக்குள் பூபாலன் ஃபிரேம் கடை. வாசல் முழுக்க முருகனும் மாதாவும், நடுநடுவே பொட்டு வைக்கக் காத்திருக்கிற செத்தவர்களும்.

"நல்ல ஃபிரேமா போடுப்பா. பத்திரம்" என்றாள்.

"இன்னாம்மா, என்னாண்ட போயி சொல்லிகினு? ரெண்டு நாள்ல அம்சமா குடுத்துர்றேன்."

பத்திரம் என்றால் என்னவென்று அவள் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

மறுநாள் விடிந்தும் விடியாமல் நிதின் கூப்பிட்டான். வரதன் போய்விட்டார். சாயங்காலம் எடுக்கிறார்கள்.

சதாசிவம் நாற்காலியில் உட்கார்ந்து செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் வரல" என்றார். "என் முகத்துல முழிக்கமாட்டேன்னவன். உயிரோட இருக்கறப்ப வேண்டாம்னவன் வாசல்ல செத்தப்புறம் போய் நிக்கறது அவனுக்கு மரியாதையில்ல."

ராஜம் இருந்த இடத்திலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். படத்தை எடுத்துப்போனது, கையெழுத்து, வரச் சொன்னது, செங்கல்பட்டில் ஃபிரேம் போடக் கொடுத்தது.

அவர் முகத்தில் ரத்தம் ஏறியது. படத்தை எடுத்ததற்குத் திட்டப்போகிறார் என்று பயந்தாள். திட்டவில்லை. "போட்டானா?" என்றார். "நிதின் பார்த்தானா?"

"அவன் மருந்து வாங்கப் போயிருந்தான். நாங்க ரெண்டு பேர்தான்."

"போற வழியில அந்தக் கடை. முதல்ல படத்தைப் பார்க்கறேன். இருந்தா அப்படியே பொத்தேரி."

வாடகைக் கார் திருக்கழுக்குன்றம் தாண்டியது. சதாசிவம், வரதன் சின்னப் பையனாக மரத்தில் ஏறி விழுந்ததைச் சொன்னார். பாதியில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ராஜம் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

பூபாலன் அவர்களைப் பார்த்ததும் பெருமையோடு உள்ளேயிருந்து தூக்கி வந்தான். "நாளைக்குன்னேன், நேத்தே முடிச்சிட்டேம்மா."

தங்க நிறச் சட்டம். கண்ணாடிக்குள் ஐந்து விமானங்களும் பளிச்சென்று இருந்தன. படம் நாலு பக்கமும் சட்டத்தை முட்டிக்கொண்டு நின்றது. ஆற்றுத் தண்ணீர் எங்கே முடிகிறதோ அங்கே சட்டம் தொடங்கியது. வெள்ளை இல்லை.

சதாசிவம் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கையால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "அடியில இருந்தது எங்கே?"

"ஓரமா சார்? வெட்டிட்டேன். சாமி படம், செத்தவங்க போட்டோ, எதுன்னாலும் வெள்ளைய வெட்டிட்டுதான் அட்டையில ஒட்றது. வெள்ளை தெரிஞ்சா கட பேரு கெட்டுப்பூடும் சார்."

"அதுல எழுதியிருந்ததே."

பூபாலன் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தான். ஏதோ பெரிய தப்பு நடந்துவிட்டது என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. "பென்சில்ல இன்னாவோ கீச்சிருந்துது சார். கணக்கு கிணக்கு போட்டிருப்பாங்கன்னு பாத்தேன். வெட்டுனதெல்லாம் காலையில குப்ப வண்டி எடுத்துகினு பூட்ச்சு."

சதாசிவம் கத்துவார், கடையை உடைப்பார் என்று ராஜம் பார்த்தாள். அவர் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"எத்தனை பேர் கையெழுத்து இருந்தது? நாலா, அஞ்சா? யோசிச்சுச் சொல்லு."

பூபாலன் தலையைச் சொறிந்தான். "நாலு சார்."

"நல்லா யோசி."

"நாலுதான் சார். வரிசையா நாலு."

சதாசிவம் நிமிர்ந்தார். ராஜம் அவர் கையைப் பிடித்தாள். "இவன் சரியாப் பார்க்கல. நான் பார்த்தேன். நான்தான் தாளைப் பிடிச்சுகிட்டேன். நான் சொல்றேன்ல?"

"நான் வருவேன்னு நீ ஆசைப்பட்டே. அதுக்காகச் சொல்றே" என்றார். கோபம்கூட இல்லை அந்தக் குரலில். "அவன் போடமாட்டான் ராஜம். எனக்குத் தெரியும் அவனை."

"பொய் சொல்றேன்னா சொல்றீங்க?"

அவர் கடையை விட்டு இறங்கிச் சந்துக்கு வெளியே போய்க் காரில் உட்கார்ந்தார். அவள் வருவதற்கு அவர் காத்திருக்கவில்லை. கார் வந்த வழியே திரும்பியது. ராஜம் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

பூபாலன் ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டான். "குந்தும்மா. மன்னிச்சுக்கோ, தெரியாம பண்ட்டேன்." பிறகு அவனே இழுத்தாற்போல் சொன்னான். "தனியா ஓரத்துல இன்னொண்ணு இருந்துதும்மா. நெளிஞ்சுகினு, கொயந்த கிறுக்குனா மேரி. அத்தப் போயி கையெழுத்துன்னு எப்படிம்மா சொல்றது? அதான் நாலுன்னேன்."

ராஜம் போனை எடுத்துக் கணவரைக் கூப்பிட்டாள். முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாம் தடவை எடுத்தார். அவள் அழுதுகொண்டே சொன்னாள். அஞ்சாவது இருந்ததாம், குழந்தைக் கிறுக்கல்னு நினைச்சானாம், கை நடுங்கித்தானே போட்டார், அதனாலதான் அப்படி இருந்தது, காரைத் திருப்புங்க, இன்னும் நேரம் இருக்கு, இதோ அவன்கிட்டயே தரேன், நீங்களே கேளுங்க.

அந்தப் பக்கம் கார் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அவர் கேட்டார்.

"இப்படிச் சொல்றதுக்கு அவனுக்கு எவ்வளவு கொடுத்தே?"

ராஜம் போனை அணைத்தாள். ஐம்பது வருஷத்துக்கு மேல் கூட இருந்தவள் சொன்னது அவருக்குப் போதவில்லை. படத்தைக் கடையிலேயே வைத்துவிட்டு, பொத்தேரி வழியாகப் போகிற பஸ் எங்கே நிற்கும் என்று பூபாலனிடம் கேட்டுக்கொண்டு இறங்கி நடந்தாள்.