முதல் நாற்காலிக்காரரின் மூச்சு

எங்கள் சலூனில் இரண்டு நாற்காலிகள். முதல் நாற்காலி என் தங்கை புருஷனுடையது, இரண்டாவது என்னுடையது. வேலையின் அருமை தெரிந்தவர்கள் அவருக்காகக் காத்திருப்பார்கள். அவசரக்காரர்கள் என்னிடம் வருவார்கள். இதில் எனக்கு வருத்தமே இல்லை என்று சொன்னால் என் தங்கைகூட நம்ப மாட்டாள்.

அப்படிப்பட்ட மாப்பிள்ளையின் வலது தோள் இறுகிப் போனது. முதலில் வாடிக்கையாளர்களின் உச்சந்தலைக்குக் கத்தரி எட்டவில்லை. பிறகு கிருதாவுக்கே எட்டவில்லை. கடைசியில் தன் தலையைத் தானே சீவிக்கொள்ள முடியாமல் என் தங்கையிடம் சீப்பை நீட்டினார். மெதுவாக அசைத்து அசைத்துத்தான் மூட்டை இளக்க வேண்டும், மாதக்கணக்கில் ஆகும் என்றார் டாக்டர். மாப்பிள்ளைக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

“மழைக்காலம் முடியறதுக்குள்ள கை மேல வரலன்னா, என் நாற்காலிக்கு வேற ஆளப் போட்டுடுங்க மச்சான்” என்றார்.

“அப்ப நீங்க?”

“கல்லாவுல உக்காந்து ஈ ஓட்டறேன்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு அன்று முழுக்கக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கையில் கத்தரி இல்லாத அந்த மனிதரை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

என் தங்கைதான் அந்த வகுப்பைக் கண்டுபிடித்தாள். மருந்துக்கடை மாடியில், மூச்சோடு சேர்த்து உடம்பை அசைக்கும் பயிற்சி. சொல்லிக்கொடுப்பவள் என் மகள் வயதுப் பெண். வருகிறவர்களும் பெண்கள்தான் என்பதால் மாப்பிள்ளைக்குத் தனியாகப் போகக் கூச்சம். என்னைத் துணைக்கு இழுத்தார்.

“நான் எதுக்கு? எனக்குத்தான் மூச்சு நல்லா வருதே” என்றேன்.

“நீ பேசற பேச்சுக்கு அது வராம எங்க போகும்? சும்மா கூடப் போண்ணா” என்றாள் தங்கை.

போனேன். தரையில் வரிசையாகப் பாய்கள். மூச்சை இழுக்கும்போது கை மேலே போக வேண்டும், விடும்போது இறங்க வேண்டும். அவ்வளவுதான். இதற்கா மெனக்கெட்டுப் படியேறி வந்தோம் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. கொஞ்ச நேரத்தில் காலை அகட்டி, முட்டியை மடக்கி, மூச்சு முடியும்வரை அப்படியே நில்லுங்கள் என்றாள். என் தொடை வெடவெடவென்று ஆடியது. பக்கத்துப் பாயில் தபால் ஆபீஸ் அம்மா நின்றபடியே என்னைப் பார்த்து இரக்கப்பட்டார்.

மாப்பிள்ளையிடம் மட்டும் அந்தப் பெண் நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

“கைய நீங்க தூக்காதீங்க சார். மூச்சு உள்ள வரட்டும். அது எவ்வளவு தூக்குதோ அவ்வளவு போதும்.”

அவர் முயன்றார். கை மார்புக்கு வருவதற்குள் நின்றது. மறுபடி முயன்றார், மறுபடி நின்றது. அவள் அவர் முதுகில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

“கை கிளம்பினதுமே மூச்சப் பிடிச்சிக்கறீங்க. என்ன வேலை பாக்கறீங்க?”

“சலூன்.”

“கத்தி கையில இருக்கறப்ப மூச்சு விடுவீங்களா?”

மாப்பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கும் தெரியவில்லை.

மறுநாள் ஒருவர் கழுத்தில் நுரை பூசிக் கத்தியை வைத்தேன். என் மூச்சு நின்றது. கத்தியை எடுத்தேன், வந்தது. மறுபடி வைத்தேன், நின்றது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. கத்திக்கு அடியில் ஒரு மனிதனின் கழுத்து இருக்கிறது என்று தெரிந்து மூச்சு தானாகவே ஒதுங்கி நின்றிருக்கிறது. எங்களைக் கேட்காமலே இந்த உடம்பு இத்தனை வருஷமும் இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்திருக்கிறதே என்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்த ஜாக்கிரதைதான் மாப்பிள்ளையின் தோளில் போய் இறுகிக்கொண்டது என்று நான் நினைக்கிறேன். டாக்டர் ஒத்துக்கொள்வாரா, தெரியாது.

வாரக்கணக்கில் போனோம். அந்தப் பெண் ஒரு நாளும் அவர் கையைப் பிடித்து இழுக்கவில்லை. மூச்சை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு காலையில் அவர் விலா எலும்புகள் விரிய, பால் பொங்கி மூடியைத் தூக்குவதுபோல அந்தக் கை தானாக எழுந்து புருவம்வரை வந்தது. தபால் ஆபீஸ் அம்மா “அடேயப்பா” என்றார். என் உடம்புக்குள்ளும் இப்படி ஒன்று போய் வந்துகொண்டிருக்கிறது, நானோ அதை வெறும் காற்று என்று நினைத்திருந்தேன்.

ஆனால் அதெல்லாம் மாடியில்தான். கடைக்கு வந்து கத்தியைத் தொட்டதும் மூச்சு நின்றுவிடும், தோளும் பூட்டிக்கொள்ளும். மழைக்காலம் முடியும் தறுவாய், மழை விட்டு விட்டுத்தான் பெய்துகொண்டிருந்தது. தெரிந்தவர்களிடம் வேறு ஆளுக்குச் சொல்லிவைத்திருப்பதாக ஒரு மத்தியானம் மாப்பிள்ளை சொன்னார்.

“மூச்சு விட்டுக்கிட்டே செஞ்சு பாருங்களேன்” என்றேன்.

“கை ஆடிடும் மச்சான். யாரு கழுத்துல ஆடிப் பாக்கறது?”

நான் எழுந்து போய் முதல் நாற்காலியில் உட்கார்ந்தேன். “என் கழுத்துல.”

“விளையாடாதீங்க. உங்க தங்கச்சிக்கு நான் என்ன பதில் சொல்றது?”

“ஒருவழியா அண்ணன் வாய் மூடிச்சுன்னு சந்தோஷப்படுவா. துண்டப் போடுங்க.”

நுரை பூசினார். கத்தியை எடுத்து என் கன்னத்தில் வைத்தார். பிறகு மூச்சை விட்டார். அது போகும்போதே கத்தியும் கூடப் போனது. மூச்சை இழுக்கும்போது கத்தி எழுந்து நின்றது. விட்டார், போனது. என்றைக்கும் நான் அவரிடம்தான் சவரம் செய்துகொள்வேன். அவர் மூச்சு என் கன்னத்தில் பட்டது அன்றுதான் முதல் தடவை. வெதுவெதுப்பாக இருந்தது. கத்தி குரல்வளைக்கு வந்தபோது எனக்கு நிஜமாகவே பயம் வந்தது, மறைக்க மாட்டேன். அவர் கை ஆடவில்லை.

முகத்தைத் துடைத்துவிட்டார். வேலை நன்றாக வந்த உற்சாகத்தில், “உச்சியில ரெண்டு முடி நீட்டிக்கிட்டு இருக்கு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கத்தரியை எடுத்தார். மூச்சை இழுத்தார். கை கிளம்பி என் காதைத் தாண்டி நெற்றியைத் தாண்டி மேலே போனது. உச்சியில் கத்தரி நறுக்கென்றது. மூச்சுக்கு முந்நூறு தரம் பேசுகிற நான் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் நின்றுவிடுமோ என்று பயமாக இருந்தது.

“என்ன மச்சான், கண்ணு கலங்கியிருக்கு? எங்கயாவது பட்டுருச்சா?”

“படல மாப்ள. உங்க கையப் பாருங்க.”

பார்த்தார். அது என் தலைக்கு மேலே நின்றது. அவர் அதை இறக்கவில்லை. அவர் மூச்சு என் பிடரியில் பட்டு, போய், திரும்பவும் வந்தது.