கும்பிட்டால் போதும்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இது குற்றாலத்துக் கதைதான். ஆனால் பிறந்தது பினாங்கில், ஒரு விடுதியின் மாடிப்படியில். யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருசம் மைத்துனனைப் பார்க்கப் போனவன் அங்கே காய்ச்சலில் விழுந்தேன். நான் வாந்தி எடுத்ததை முகம் சுளிக்காமல் துடைத்தவள் அறை பெருக்கும் ஒரு சீனக்காரம்மாள். கிளம்புகிற அன்று, இவளுக்கு ஏதும் கொடுக்க வேண்டுமா என்று விடுதிக்காரனைக் கேட்டேன். "இங்கே அது வழக்கமில்லை" என்றான். அப்பாடா என்று இருந்தது. இன்னொருவரை நான் கேட்கவில்லை. கேட்டால் வேறு பதில் வந்துவிடுமே. படியில் அவள் நின்றாள். ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கிவிட்டேன்.

ஊர் வந்து இரண்டு வருசமாகிறது. இன்னும் அந்தக் கும்பிடு என் கையை விட்டுப் போகவில்லை. அதை வேறொருத்தன் தலையில் கட்டலாம் என்றுதான் பரமசிவனை உண்டாக்கினேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, என்ன செய்ய.

2

முதல் தொடக்கம்: 'சாரல் பூப்பூவாய்த் தூவிக்கொண்டிருந்த அந்த...' (அடித்துவிட்டேன். குற்றாலம் என்றதும் சாரலைப் பிடித்துக்கொள்கிறவனிடம் வேறு சரக்கில்லை என்று அர்த்தம்.)

இரண்டாம் தொடக்கம்: 'பரமசிவன் நல்லவன்தான், ஆனால்...' (ஆனால் போட்ட பிறகு நல்லவன் எங்கே நிற்பான்?)

மூன்றாவது இது. பரமசிவன் தென்காசிக்காரன். எஸ்.எஸ்.எல்.சி. தேறியும் உத்தியோகம் கிட்டாதவன். சீசனுக்குக் குற்றாலம் வருகிற வெள்ளைக்காரர்களுக்குத் துபாஷியாக இருந்தான். அவர்கள் பேச்சை நம்மவர்களுக்கும் நம்மவர்கள் பேச்சை அவர்களுக்கும் மாற்றிச் சொல்லுகிற வேலை. 1936 ஆனியில் மேலகரத்துக்காரர் ஒருவரின் பங்களாவில் ஒரு துரைசாணி வந்து பத்து நாள் தங்கினாள். அங்கே சமையலுக்குத் துல்கர்னைன். வளவு வாசல் கூட்ட, தண்ணீர் எடுக்கக் குருவம்மாள்.

துரைசாணியிடம் ஒரு சின்னப் புத்தகம் இருந்தது. எந்தத் தேசத்தில் யாருக்கு எவ்வளவு இனாம்* கொடுக்கலாம் என்று அச்சடித்திருந்தது. அதில் குற்றாலம் இல்லை. "நீ சொல், ஓரத்தில் எழுதிக்கொள்கிறேன்" என்றாள். பரமசிவனுக்குத் தலைகால் புரியவில்லை. வலது கையால் கொடுக்க வேண்டும், எறியக் கூடாது, வெற்றிலை மேல் வைத்துக் கொடுத்தால் அது மரியாதை என்றான். அவ்வளவும் சரி. இதுவரை அவன் பேரில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

* கூலிக்கு மேலே, மனசு குளிர்ந்து கொடுக்கிற காசு. வாங்குகிறவர்கள் அதைக் கஞ்சி என்றே நினைப்பார்கள்.

3

எட்டாம் நாள் அருவிப் பாறையில் துரைசாணி வழுக்கி விழுந்து கால் பிசகிவிட்டது. பக்கத்தில் நின்ற பரமசிவன் கையைப் பிசைந்தான். குருவம்மாள்தான் முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டு அவளை முதுகில் ஏற்றினாள். துரைசாணி நல்ல வளர்த்தியான பொம்பளை, அவளைப் பங்களா வரை குருவம்மாள் தூக்கி வந்தாள். அன்றைக்குப் பிடித்துக்கொண்ட இடுப்பு அப்புறம் அவளுக்கு நிமிரவே இல்லை.

கிளம்பும்போது துரைசாணி ஒரு பத்து ரூபாய் நோட்டை எடுத்தாள். "இதைக் குருவம்மாளுக்குக் கொடுக்கலாமா? வழக்கம் எப்படி?"

பரமசிவனுக்குப் பத்து நாளைக்கும் பேசிய கூலி எட்டு ரூபாய். வளவு கூட்டுகிறவளுக்குப் பத்தா? வயிறு எரிந்தது. யோசிக்கும் முன்னே நாக்கு முந்திக்கொண்டது.

"கூடவே கூடாது அம்மா. உதவி செய்த பெண்ணுக்குக் காசு கொடுப்பது எங்கள் தேசத்தில் பெரிய அவமானம். மனசு உடைந்து போவாள். கும்பிட்டால் போதும்."

துரைசாணிக்குக் கண் கலங்கிவிட்டது. மறக்காமல் எழுதிக்கொண்டாள். பிறகு குருவம்மாள் முன்னால் போய் நின்று கைகூப்பினாள். குருவம்மாள் பதறிப்போய்த் திருப்பிக் கும்பிட்டாள். கும்பிட்ட கையைக் கொஞ்ச நேரம் விரித்தே வைத்திருந்தாள். வண்டி போய்விட்டது.

அரைகுறை இங்கிலீஷ் தெரிந்த துல்கர்னைன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றான்.

"நல்ல வழக்கம்வே," என்றான் பரமசிவனிடம். "நாப்பது வருசமா இங்கனதான் கெடக்கேன். எனக்குத் தெரியாமப் போச்சு பாரும்."

4

இந்த இடத்தில் என் வண்டவாளத்தையும் தண்டவாளத்தில் ஏற்றிவிடுகிறேன். முதலில் எழுதிய பிரதியில் துரைசாணி நோட்டை நீட்டுவாள், குருவம்மாளே வேண்டாமென்று தள்ளிவிடுவாள். 'ஏழையானாலும் அவள் நெஞ்சம்...' என்று ஒரு வாக்கியம்கூடத் தொடங்கினேன். எழுதும்போது எனக்கும் துரைசாணி மாதிரியே கண் கலங்கியது.

மறுநாள் வாசித்தபோதுதான் உறைத்தது. பரமசிவன் சொன்ன பொய்யைத்தானே நானும் சொல்லுகிறேன்? அவளைப் பெரிய மனுஷி ஆக்கிவிட்டு, கைக்கு வந்த காசைத் தட்டிப் பறித்திருக்கிறேன். அந்தப் பக்கத்தை அடுப்பில் போட்டேன். குருவம்மாளுக்குக் காசு வேண்டும். சீசன் மூன்று மாதம் கிடைக்கிற இனாமில்தான் மிச்ச மாதங்களுக்கு அவள் வீட்டில் உலை கொதிக்கும். இதற்கு மேல் அவளிடம் உசத்தியான குணம் எதையும் நான் கேட்கப் போவதில்லை.

5

துரைசாணி தன் தேசத்துக்குப் போய்ச் சொன்னாளோ, எழுதினாளோ. அடுத்த சீசனுக்கு வந்தவர்களெல்லாம் துல்கர்னைனுக்குக் கொடுத்தார்கள், பரமசிவனுக்கும் கொடுத்தார்கள். குருவம்மாளிடம் வந்ததும் பயபக்தியோடு கும்பிட்டுவிட்டு வண்டி ஏறினார்கள். ஒரு துரை தொப்பியைக்கூடக் கழற்றினான். பரமசிவன் ஒவ்வொரு தடவையும் குனிந்து செருப்பு வாரைச் சரி செய்தான்.

ஆடி கடைசியில் ஒரு புதுத் துரைசாணி கிளம்பினாள். அவளும் கையைக் கூப்பினாள். குருவம்மாள் இந்தத் தடவை திருப்பிக் கும்பிடவில்லை. விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு பரமசிவனிடம் வந்தாள்.

"அய்யா, முன்னெல்லாம் நாலணா எட்டணா தருவாவ. இப்பம் சாமியக் கும்பிடுத மாதிரி கும்பிடுதாவ, காசு தர மாட்டேங்காவ. போன வருசம் அந்தத் தொரசானியத் தொட்டுத் தூக்குனேம்லா, அது தப்பாப் போச்சோ? நான் தொட்டுட்டேன்னு எல்லாருகிட்டயும் சொல்லிட்டாவளோ? இவங்ககிட்டக் கேட்டுச் சொல்லுங்க."

6

எழுதிப் பார்த்த முடிவுகள்:

பரமசிவன் உண்மையைச் சொல்லி அழுகிறான், குருவம்மாள் மன்னித்து... (அவள் ஏன் மன்னிக்க வேண்டும்? எனக்குத் தூக்கம் வருவதற்கா?)

பரமசிவன் தன் பணம் பத்து ரூபாயை அவள் கையில் வைக்கிறான். அவள் அவனைக் கும்பிடுகிறாள். (ஐயையோ, வேண்டாம். தொட்டுத் தூக்கியது தப்பு என்ற நினைப்போடுதான் அவள் வீட்டுக்குப் போவாள்.)

'நன்றி சொல்லுகிறாள் அம்மா' என்று மாற்றிச் சொல்லிவிடுகிறான். (இதுதான் நடக்கும். நானாக இருந்தால் இதைத்தான் செய்வேன். அதனால்தான் இதை எழுதக் கை வரவில்லை.)

7

"என்ன சொல்லுகிறாள்?" என்று துரைசாணி கேட்டுவிட்டாள். துல்கர்னைன் அடுப்பை விட்டு வாசலுக்கு வந்துவிட்டான். குருவம்மாள் பரமசிவனின் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பரமசிவன் என்னைப் பார்க்கிறான். பினாங்கில் படியிறங்கி வந்தவன் நான். என்னைப் பார்த்து என்ன புண்ணியம்?

வாசிக்கிற நீர் அப்படியில்லை. அவள் கேட்டது உமக்கு நன்றாக விளங்கியது. துரைசாணிக்குத் தெரியாததும் உமக்குத் தெரியும். வண்டிக்காரன் மாட்டைப் பூட்டிவிட்டான். சொல்லும்.