பச்சைக் கல் தீர்த்தம்

பிரபுவுக்கு ஆப்பிரிக்காவில் ஒரு செம்புச் சுரங்கத்தில் எலக்ட்ரீஷியன் வேலை. போன லீவில் குத்தாலம் வந்தபோது பெட்டியில் ஒரு பச்சைக் கல்லைக் கொண்டுவந்தான். ஷோகேஸில் வைக்கத்தான் சொன்னான். அந்தப் பச்சையைப் பார்த்த அவன் மனைவி ஈஸ்வரிக்கோ திருவாரூர் மரகத லிங்கம் கண்ணில் நின்றது. அவன் விமானம் ஏறிய கையோடு கல் பூஜை அறைக்குப் போய்விட்டது. வெள்ளிதோறும் தயிரும் எலுமிச்சைச் சாறுமாக அபிஷேகம் நடந்தது. வழிந்ததை மகள் வானதி உள்ளங்கையைக் குழித்து வாங்கிக் குடிப்பாள்.

வானதிக்கு வயிற்றுவலி வந்தது. அப்புறம் வாந்தி. ஈஸ்வரி வெள்ளிக்கிழமை அபிஷேகத்தைத் தினசரி ஆக்கினாள். பெற்றவள் வேறென்ன செய்வாள்?

இப்போது தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் பிள்ளை வாடின கீரைத்தண்டாகக் கிடக்கிறது. "வயலுக்கு அடிக்கிற மருந்த எடுத்துக் குடிச்சுச்சா? நாட்டு மருந்து ஏதாச்சும் கொடுத்தீங்களா?" என்று டாக்டரம்மா தோண்டித் தோண்டிக் கேட்டார்.

"ஒண்ணுமே கொடுக்கலங்க."

பொய்யில்லை. சாமி தீர்த்தத்தைப் போய் யார் மருந்துக் கணக்கில் சேர்ப்பார்கள்?

டாக்டரம்மா நகர்ந்ததும் ஈஸ்வரி பையிலிருந்து தீர்த்தப் பாட்டிலை எடுத்தாள். அவளுக்கு இருந்த ஒரே பிடிப்பு அதுதான். வானதி படுத்தபடியே வலக்கையைக் குழித்து நீட்டினாள். குடித்துவிட்டு ஈரக் கையைத் தலையில் தடவிக்கொண்டாள்.

அப்போதுதான் பிரபு போனில் வந்தான்.

"என்ன சொல்றாங்க?"

"கண்டுபிடிக்க முடியலயாம். நம்ம கல்லச் சாமியா நெனச்சுத் தீர்த்தம் கொடுத்துக்கிட்டிருக்கேங்க."

"எந்தக் கல்லு?"

"நீங்க கொண்டாந்த பச்சக் கல்லுதான்."

பிரபு போனிலேயே கத்தினான்.

"ஷோகேஸ்லதான வைக்கச் சொன்னேன். அது மரகதம் இல்ல ஈஸ்வரி. செம்பும் பாஷாணமும் சேந்த கல்லு. சுரங்கத்து மேல்மட்டத்துல, தண்ணி கசிஞ்சு தாது இத்துப்போற எடத்துல அபூர்வமா வெளையுது. தொட்டா கை கழுவணும்பாங்க. ஓடு, டாக்டர்கிட்ட சொல்லு."

ஓடினாள். வராந்தாவில் டாக்டரம்மாவை வழிமறித்துப் பாட்டிலை நீட்டினாள். "நான்தாங்க கொடுத்தேன். என் கையாலயே கொடுத்தேன்."

டாக்டரம்மா வாங்கிப் பார்த்தார். நர்ஸை அவசரமாகக் கூப்பிட்டார். பிறகு கேட்டார்: "கடைசியா எப்பம்மா கொடுத்தீங்க?"

ஈஸ்வரி தன் கையைப் பார்த்தாள். பாட்டிலைப் பிடித்திருந்த விரல்களில் ஈரம் இன்னும் காயவில்லை.