யார் வரி யாருக்கு?

அம்மாவின் புது மின்விசிறியை அப்பா தன் சண்டைச் சேவலின் கூண்டுக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தார். அன்றிலிருந்து பத்தொன்பது நாள் இருவருக்கும் பேச்சு இல்லை. “சோறு ஆறுதுன்னு உங்கப்பாகிட்டச் சொல்லு.” “சேவல் தின்னதும் வரேன்னு உங்கம்மாகிட்டச் சொல்லு.” ஒரே மேஜையில் உட்கார்ந்துகொண்டுதான் இத்தனையும். நடுவில் மாட்டிக்கொண்ட எனக்கு அழுகையே வந்தது.

அம்மாவின் பிறந்தநாளன்று எப்படியாவது இவர்களைப் பேசவைத்துவிட வேண்டும். பிலிப்பைன்ஸின் செபுவில், எங்கள் தெருவில், திரையில் ஓடும் வரிகளைப் பார்த்து மைக்கில் பாடும் கரோக்கே இல்லாத வீடு கிடையாது. கல்யாணத்துக்கு முன் இருவரும் சேர்ந்து பாடிய பாட்டைத் தேடிப் பிடித்தேன். முழுப் பாட்டும் ஒரே நீள வரியாக, இடையிடையே “ஆண்:”, “பெண்:” என்ற குறிகளோடு இருந்தது. கணினி நிரல் எழுதிப் பிழைப்பவளுக்கு இது பெரிய வேலையா? அந்தக் குறிகளைத் தேடிப்பிடித்து அங்கங்கே வெட்டும்படி ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன், அதாவது தேடல் சூத்திரம், எழுதினேன். ஆண் வரி நீலம், பெண் வரி சிவப்பு. விருந்து அவசரத்தில் ஓட்டிப் பார்க்கவில்லை.

மத்தியானம் பான்சித் நூடுல்ஸ் காலியானதும் இருவர் கையிலும் மைக்கைத் திணித்தேன். திரையில் எல்லா வரியும் வெள்ளை! வெட்டிய இடத்தில் இருந்த குறியையே நிரல் தூக்கி எறிந்துவிட்டது. குறிகளைச் சுற்றி அடைப்புக்குறி போட்டிருந்தால் அவையும் துண்டுகளோடு தங்கியிருக்கும். மண்டு, மண்டு என்று என்னையே திட்டிக்கொண்டு கணினிக்கு ஓடினேன்.

முதல் வரிக்கு இருவரும் வாய் திறக்கவில்லை. இரண்டாவது வரிக்கு இருவரும் ஒன்றாகக் கத்தினார்கள்.

“அது என் வரி!” அம்மா அப்பாவை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

“உன்னுதா? மன்னிச்சிடுன்னு கெஞ்சுறது ஆம்பளை. முப்பது வருசமா நான்தானே கெஞ்சுறேன்!”

“யோவ் கிறிஸ்புலோ, பாட்டுலதான் கெஞ்சுறே! ஃபேனுக்குக் கெஞ்சினியா?”

விருந்துக்கு வந்த கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அப்பா தலையைச் சொறிந்தார். பிறகு மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

“தப்புதான் நெனித்தா. மன்னிச்சிடு.”

தெரு முழுக்கக் கேட்டது. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள், ஆனால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“இன்டாய், மொதல்லேர்ந்து போடு,” என்றாள் என்னிடம்.

“சரி பண்ணிட்டேம்மா. கலர் வந்துடுச்சு, யார் வரின்னு தெரியும்.”

“கலரும் வேணாம், ஒண்ணும் வேணாம். எது இந்தாளுதுன்னு நானே சொல்லிக்கிறேன்.”

அப்போதுதான் போட்ட அடைப்புக்குறியை அழித்தேன்; வரிகள் மறுபடி வெள்ளையாயின. அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த நிரலையும் கெடுத்ததில்லை.