படம் பார்த்துக் கதவைத் திற

எங்கள் முதலாளி டெஸ்மண்டுக்கு எழுத்தென்றால் ஆகாது. குவீன்ஸ்டவுனில் ஏதோ ஒரு மாநாட்டுக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து இந்த வியாதி. "நல்ல செயலிக்கு வார்த்தை எதுக்கு? படமே பேசணும்" என்று எங்கள் ஊர் வெலிங்டனின் பேய்க்காற்றையும் மீறிக் கேட்கிற குரலில் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

நாங்கள் செய்துகொண்டிருந்தது கார் நிறுத்துமிடங்களுக்கான செயலி. கைப்பேசியில் ஒரு பொத்தானைத் தட்டினால் வெளியேறும் கதவு திறக்கும், அவ்வளவுதான் சங்கதி. அதற்கு நாலு படங்கள். எல்லாம் வட்டமும் கோடுமாக, ஒரே வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். வரையச் சொன்னது டெஸ், வரைந்தது எங்கள் வடிவமைப்பாளர் நைரி. கதவுப் படத்துக்குக் கீழே 'கதவைத் திற' என்று எழுதிவிடலாம் என்று அவள் முதல் நாளே சொன்னாள். அசிங்கமாக இருக்கும் என்று தள்ளிவிட்டார்.

நைரி விடவில்லை. வெளி ஆட்களைக் கூட்டி வந்து சோதனை வைத்தாள். செயலியை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்ப்பது எங்கள் தொழிலின் சடங்கு. அதில் ஒரு கொடுமையான விதி உண்டு: வந்தவர் தலைகீழாக நின்றாலும் உதவக் கூடாது. "இதை அழுத்தவா?" என்று அவர் கேட்டால், "அழுத்தினா என்ன நடக்கும்னு நினைக்கிறீங்க?" என்று சிரித்த முகத்தோடு திருப்பிக் கேட்க வேண்டும். இதற்குச் சம்பளம் வேறு தருகிறார்கள்.

வந்தவர்களில் ஒருவருக்கும் கதவு திறக்கவில்லை. ஒரு அம்மாள் கதவுப் படத்தைப் பார்த்து உதயசூரியன் என்றார். பக்கத்து அறையில் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையில் பார்த்துக்கொண்டிருந்த டெஸ் பொரிந்து தள்ளினார்.

"எங்கேருந்து புடிச்சிட்டு வந்த இந்த ஞானசூனியங்களை?"

"இவங்கதான் டெஸ் காரு ஓட்டுறாங்க."

"அம்மா தாயே, வெள்ளிக்கிழமை ஆக்லாந்துல முதலீட்டாளருங்களைப் பாக்கணும். அதுக்குள்ள இன்னொரு தடவை எழுத்து கிழுத்துன்னு வந்தே, வேற எடம் பாத்துக்க."

அந்த வருடம் ஊரில் பாதிக் கம்பெனிகள் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. நைரி கிஸ்போர்னிலிருந்து இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இந்த வேலையை நம்பி வந்தவள். வாயை மூடிக்கொண்டாள். எனக்கு அவளைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

தான் சமைத்ததைத் தானே முதலில் தின்ன வேண்டும் என்று எங்கள் தொழிலில் இன்னொரு வழக்கம். அதன்படி எங்கள் கட்டடத்தின் அடித்தளத்திலேயே முதல் கதவைப் பொருத்தினோம். வெள்ளிக்கிழமை காலை டெஸ் விமான நிலையத்துக்குக் கிளம்பிக் கீழே போனார். கொஞ்ச நேரத்தில் நைரியின் கைப்பேசி அடித்தது. செயலியில் உதவிக்கென்று ஒரு படம் உண்டு. அதை அழுத்தினால் அழைப்பு அவளுக்குத்தான் வரும், தனியாக ஆள் வைக்க எங்களுக்கு ஏது வசதி.

"நீ ஏன் எடுக்கிற?" ஸ்பீக்கரில் டெஸ்ஸின் குரல். "நான் கதவையில்ல தெறந்தேன்!"

வைத்துவிட்டார். மறுபடியும் அடித்தது.

"மறுபடியும் நீயா! எதை அழுத்தினாலும் நீயே வர்றே!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாதக்கணக்காக அந்தப் படங்களைச் சுவரில் பெரிதாகப் பார்த்துத் தலையாட்டியிருக்கிறாரே தவிர, மனுஷன் ஒரு நாளும் தன் விரலால் தொட்டதில்லை. செய்து காட்டுவதெல்லாம் நாங்கள்தான்.

"நைரி, ஃபிளைட்டுக்கு நேரமாச்சு. வட்டத்துக்குள்ள கோடு போட்டிருக்கே, அதை அழுத்தவா?"

நைரி என்னைப் பார்த்தாள். குரல் தேனாக வந்தது.

"அழுத்தினா என்ன நடக்கும்னு நினைக்கிறீங்க?"

போச்சு, இவள் வேலை போச்சு என்று நினைத்தேன். கீழே ஹாரன்கள் கத்தின. பின்னால் மாட்டிக்கொண்ட மூன்றாம் மாடிப் பல் டாக்டர் இறங்கி வந்து டெஸ்ஸின் கைப்பேசியை எட்டிப் பார்த்தார் போலிருக்கிறது, "அது என்னய்யா, எலுமிச்சம்பழமா?" என்று கேட்டது எங்களுக்கும் கேட்டது.

"வெளையாடாதே! எது கதவு, எது நீன்னு எனக்கு எப்படித் தெரியும்? கீழ ஒரு வார்த்தை எழுதித் தொலைச்சா கொறைஞ்சா போயிடுவீங்க?"

"என்ன வார்த்தை எழுதினா உங்களுக்கு வசதியா இருக்கும், டெஸ்?"

"கதவைத் தெறன்னு எழுது! இதுகூடவா நான் சொல்லிக் குடுக்கணும்?"

"நல்ல யோசனை டெஸ். அந்த எலுமிச்சம்பழத்தை அழுத்துங்க."

கதவு திறந்தது. அவருடைய விமானம் ஆக்லாந்தில் இறங்குவதற்குள் நான் அந்த வார்த்தையைச் செயலியில் ஏற்றிவிட்டேன். ஒரே ஒரு வரி வேலை. அதற்குத்தான் இத்தனை நாள் இத்தனை மாரடிப்பு.

மத்தியானம் கூட்டத்தை நாங்கள் எல்லோரும் திரையில் பார்த்தோம். டெஸ் கையை விரித்துக்கொண்டு பேசினார். "ஒரு நாள் காருக்குள்ள அமைதியா உக்காந்திருந்தேன். திடீர்னு மனசுல பட்டது. மனுஷனுக்கு வார்த்தை வேணும்! எங்க நைரி இனிமே எல்லாப் படத்துக்கும் கீழ எழுதப் போறா." முதலீட்டாளர்கள் கைதட்டினார்கள். இங்கே முதலில் கைதட்டியவள் நைரி.

அமைதியாக உட்கார்ந்திருந்தாராம்! ஆத்திரத்தில் கையிலிருந்த சாஸேஜ் ரோலைப் பிசைந்துவிட்டேன்.

"உனக்கு ரோஷமே இல்லையா? அது உன்னோடது, நைரி."

"டேய் லாஃபி, என்னோடதா இருந்தவரைக்கும் அது உள்ள வந்துச்சா? இப்ப அவரோடது. இனிமே அதை எவன் எடுக்க வந்தாலும் அவரே பாஞ்சு கடிப்பாரு."

அவள் தன் கைப்பேசியைத் தூர நீட்டிப் பிடித்து, புது வார்த்தையைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"எழுத்து ரொம்பப் பொடிசா இருக்கு. பெருசாக்கச் சொன்னா அசிங்கம்பாரு," என்றாள். "திங்கக்கிழமை அவரு மூக்குக்கண்ணாடியைக் கழட்டினா எங்க வைப்பாருன்னு கொஞ்சம் பாத்து வை."