இரண்டு சென்டிமீட்டர்

...மூடிவிடுவது என்று முடிவான பிறகுதான் இந்தக் கடை இவ்வளவு அழகாகத் தெரிகிறது, காலை பத்து மணி வெயில் முன்பக்கக் கண்ணாடி வழியே நுழைந்து வரிசையாக மாட்டியிருக்கும் சைக்கிள்களின் மேல் ஒவ்வொன்றாக நகர்ந்துபோகிறது, அட, பதினோரு வருடமாக இது தினமும் இப்படித்தான் வந்துகொண்டிருந்ததா, இல்லை, பன்னிரண்டு மணிக்குக் கட்டடத்தின் சொந்தக்காரர் வந்து ‘இருக்கீங்களா, காலி பண்றீங்களா’ என்று கேட்கப்போவதால் இன்றைக்கு மட்டும் ஒரு தனி வரவா... அவன் சைக்கிள் சீட்டுகளைத் துணியால் துடைத்துக்கொண்டே போனான், ஒவ்வொன்றைத் துடைக்கும்போதும் மனதுக்குள் ஒரு நன்றி, மழை பெய்தால் மட்டும் அடம்பிடிக்கும் அந்தத் தாழ்ப்பாளுக்கு, உள்ளறையில் விசிலடித்துக்கொண்டே சக்கரத்தின் கோணலை நிமிர்த்திக்கொண்டிருக்கும் மச்சானுக்கு, வேறு நல்ல வேலை வந்தும் அக்கா புருஷனை விட்டுப் போக மனசில்லாமல் பதினோரு வருடம் கையில் கிரீஸோடு நின்றவன், ஒரு நாளாவது வாய்விட்டு அவனிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கிறோமா, இல்லை, சொல்ல வேண்டும், இன்றைக்குச் சாயங்காலமாவது... மனைவி காலையில் சட்டையை நீட்டிக்கொண்டே சொன்னாள், "எதுவா இருந்தாலும் சிரிச்சுக்கிட்டே முடிவு பண்ணுங்க, மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டுப் பண்ணாதீங்க," அதனால் சிரித்துக்கொண்டே சொல்வதற்கு ஒரு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தான், ‘ரொம்ப நன்றி சார், காலி பண்ணிக்கிறோம்’, கண்ணாடி முன்னால் நின்று சொல்லியும் பார்த்துவிட்டான், நன்றாகத்தான் இருந்தது.

பெரிய வீடுகள் இருக்கிற இடத்தில் பெரிய சைக்கிள் போகும் என்று நினைத்ததில் என்ன தப்பு, எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள், ஒவ்வொரு வீட்டிலும் மூன்று கார், ரிமோட்டை அமுக்கினால் திறக்கிற கேட், நாயை நடத்திக் கூட்டிப்போகச் சம்பளத்துக்கு ஒரு ஆள், இங்கே காருக்குச் சமமான விலையில் சைக்கிள் விற்காவிட்டால் வேறெங்கே விற்கும்... வந்தார்கள், வராமல் இல்லை, ஒரு விரலால் தூக்கிப் பார்த்து "அய்யோ, காத்து மாதிரி இருக்கே" என்பார்கள், இதில் மோட்டார் எங்கே இருக்கிறது என்று கேட்டவர்கூட உண்டு, இரண்டு மணி நேரம் அளவு ஸ்டாண்டில் உட்காரவைத்துக் கால் நீளம், கை நீளம், தோள் அகலம், எல்லாம் அளந்து தாளில் எழுதிக் கொடுத்தால் வீட்டில் பேசிவிட்டு ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்று போவார்கள், அடுத்த வாரம் அதே அளவில் அதே சைக்கிள் பெட்டியில் அவர்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கும், வேறு எங்கிருந்தோ, போனில் ஒரு தட்டு தட்டினால் போதும். அப்புறம் காற்றடிக்க மட்டும் நம் கடை. "மாமா, நம்மகிட்ட நல்லா ஓடுறது இந்தக் காத்து பம்பு ஒண்ணுதான், இதுக்குத்தான் ஏ.சி. போட்டு ஷோரூம் வெச்சிருக்கோம்" என்று மச்சான் சிரிப்பான், இவனும் கூடச் சிரிப்பான், சிரித்துவிட்டு ராத்திரி முழுக்கப் புரண்டுகொண்டிருப்பான். ஆனாலும் இன்று நினைத்தால் அவர்கள் மேல் கோபமே வரவில்லை, வந்தார்களே, உட்கார்ந்தார்களே, அது போதாதா... முடிந்துபோகிற விஷயத்தின் மேல் கோபம் தங்காது போல.

கண்ணாடிக்கு வெளியே சாலையைத் தாண்டி ஒரு சைக்கிள் வந்துகொண்டிருந்தது, ஓட்டிவருபவரின் இடுப்பு இடதும் வலதுமாக ஆடியது, ஒவ்வொரு மிதிக்கும் கால் விரல் நுனியால் பெடலைத் தேடித் தேடி மிதிக்கிறார், சீட் உயரம், கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம், எந்தப் புண்ணியவான் இப்படி ஏற்றிவிட்டானோ என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அந்த நீல நிறச் சட்டகம் அடையாளம் தெரிந்தது, ஹெல்மெட்டைக் கழற்றியதும் ஆளும் தெரிந்தது, பல் டாக்டரம்மா, இரண்டு தெரு தள்ளிக் கிளினிக் வைத்திருப்பவர், இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே ஸ்டாண்டில் உட்கார்ந்து அளவு கொடுத்துவிட்டு வெளியில் வாங்கியவர். கை தானாகப் பக்கத்துச் சீட்டைத் துடைக்கப் போயிற்று. ஏன் போக வேண்டும், நமக்கென்ன, வாங்கியது அவர், ஓட்டுவது அவர்... "தம்பி, நல்லவேளை கடை திறந்திருக்கு, இந்தச் சைக்கிளை யாருக்காவது நல்ல கைக்கு மாத்திவிட முடியுமா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார், வலது முட்டியின் பின்பக்கத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, முகத்தில் மட்டும் குறையாத சிரிப்பு. முட்டி தேய்ந்துவிட்டதாம், எலும்பு டாக்டர் அமுக்கிப் பார்த்துவிட்டு வயசாகிறது, சைக்கிளை விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டாராம், ஐம்பத்து நாலு ஒரு வயசா தம்பி, சரி, நமக்கு வாங்கிக்கொண்டு வந்தது அவ்வளவுதான், ஓட்டின வரைக்கும் சந்தோஷம், உங்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும் என்றார். எனக்கா, எனக்கு எதற்கு...

பையைத் திறந்து அவர் எடுத்து நீட்டியது இவன் கையெழுத்தில் இருந்த அளவுத் தாள், பிளாஸ்டிக் உறை போட்டு நான்கு மூலையும் மழுங்காமல் வைத்திருந்தார். "நீங்க எழுதிக் குடுத்ததுல ஒரு மில்லிமீட்டர் மாத்தல தம்பி, வலிக்கும்போதெல்லாம் டேப் வெச்சுப் பாப்பேன், அளவு சரியாத்தான் இருக்கும், அப்போ என் முட்டிதான் சரியில்லன்னு நினைச்சுக்குவேன்." ஒன்பது அளவுகள், மேலிருந்து மூன்றாவது, சீட் உயரம், எழுபது புள்ளி ஐந்து. அவன் அதைப் படித்தான், திரும்பவும் படித்தான், ஏழு, பூஜ்யம், தெளிவான ஏழு, தெளிவான பூஜ்யம், நடுங்கிய கை எழுதியது போலவே இல்லை. கை தவறியிருக்கும், அன்றைக்குக் கூட்டம் வேறு... கூட்டமா, எந்தக் கூட்டம், அன்றைக்கு இந்த அம்மாவைத் தவிர ஈ காக்கா இல்லையே. ஸ்டாண்டில் மிதித்துக்கொண்டே அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார், எதிர்ச் சுவர்க் கண்ணாடியில் அந்தத் திரை தெரிந்தது, இதே சைக்கிள், இதே நீலம், வேறு யாரோ விற்கிறார்கள், அவர் காலடியில் குனிந்து உட்கார்ந்து முட்டியின் நேர்கோடு பார்க்கத் தூக்குக்குண்டைப் பிடித்துக்கொண்டிருந்த இவன் அதைப் பார்த்தான், எழுந்தான், அளவு நோட்டைப் பார்த்துத் தாளில் எடுத்து எழுத ஆரம்பித்தான், மூன்றாவது வரியில் கை ஒரு கணம் நின்றது... நின்றதே. தவறுகிற கை நிற்குமா? இத்தனை நாள் இதை ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்காமல் எப்படி இருந்தோம், நினைக்காமலா இருந்தோம், நினைவு வரும்போதெல்லாம் ஏதாவது ஒரு சீட்டைத் துடைக்கப் போயிருக்கிறோம், அவ்வளவுதான்.

"ஏறி உட்காருங்க டாக்டர், ஒரு தடவை பாத்துடலாம்" என்று வாய் சொன்னது, சைக்கிளை ஸ்டாண்டில் மாட்டினான், அவர் மிதித்தார், கால் கீழே போகும்போது முட்டி முழுக்க நிமிர்ந்து பின்பக்க நரம்பு கயிறு மாதிரி இழுபட்டது, இரண்டு வருடம், ஒவ்வொரு சனிக்கிழமையும், ஒரு மிதிக்கு ஒரு இழுப்பு, எத்தனை ஆயிரம் மிதி... விசில் நின்றிருந்தது. மச்சான் உள்ளறையிலிருந்து அந்த வருடத்து அளவு நோட்டோடு வந்து பக்கத்தைத் திறந்து பலகையின் மேல் வைத்தான், நோட்டில் அறுபத்தெட்டு புள்ளி ஐந்து. தாளில் எழுபது புள்ளி ஐந்து. இரண்டு சென்டிமீட்டர், ஒரு கட்டைவிரலின் அகலம். கை தவறிவிட்டது என்று சொன்னால் முடிந்தது, இந்த அம்மா உடனே நம்புவார், நன்றிகூடச் சொல்வார், பன்னிரண்டு மணிக்கு அந்த இன்னொரு நன்றியையும் சொல்லிவிட்டு விளக்கை அணைத்துவிட்டுப் போகலாம், யாருக்கும் ஒரு குறையும் இல்லை... சீட்டுக் கம்பியின் திருகில் அலன் கீயைச் சொருகித் தளர்த்தினான், சீட்டை இறக்கினான், இறுக்கினான், டேப் வைத்துப் பார்த்தான், இப்போது மிதியுங்கள் என்றான். இடுப்பு ஆடவில்லை. பாதம் தட்டையாக, தானாகவே பெடலில் உட்கார்ந்தது. அவர் மிதிப்பதை நிறுத்தவில்லை, வலி எங்கே போயிற்று என்று தேடுகிறவர் மாதிரி குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார், அந்த முகத்தைப் பார்த்தபடி பொய் சொல்ல இவனுக்கு வாய் வரவில்லை.

"டாக்டர், தாள்ல இருக்கிற அளவு தப்பு. கை தவறிப் போட்டது இல்ல. நீங்க வெளியில வாங்கப் போறீங்கன்னு தெரிஞ்சுது, அந்தக் கோபத்துல தெரிஞ்சேதான் மாத்தி எழுதினேன்." சொல்லிவிட்டான், சொன்ன குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது, மச்சான் தரையைப் பார்த்தான். பெடல் மெல்ல நின்றது. திட்டட்டும், தாளை மூஞ்சியில் எறியட்டும், ஊரெல்லாம் சொல்லட்டும், அதுதானே நியாயம்... அவர் முட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டார், "அப்போ என் முட்டி நல்லாத்தான் இருக்கா?" நல்லாத்தான் இருக்கு டாக்டர், இந்த வலிக்குக் காரணம் சீட்டுதான், எதற்கும் எலும்பு டாக்டரிடம் இன்னொரு தரம் காட்டிக்கொள்ளுங்கள் என்று இவன் இழுத்துக்கொண்டிருக்கும்போதே அவர் சீட்டில் உட்கார்ந்தபடி முகத்தைக் கையால் மூடிக்கொண்டார், அழுகிறாரா சிரிக்கிறாரா, இரண்டும்தான். "நாங்க வீட்ட விக்கப் போறோம் தம்பி, மாடிப்படி ஏற முடியலன்னு. தரைத்தளமா ஒரு வீடு பாத்து, நாளைக்கு முன்பணம் குடுக்கிறதா இருந்தோம். என் பொண்ணு வளந்த வீடு அது." கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கினார், இறங்கி இரண்டு தரம் உட்கார்ந்து எழுந்து பார்த்தார், கடைக்கு நடுவில், கூச்சமே இல்லாமல். பிறகு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சொன்னார், "உங்க மேல எனக்குக் கோபம் வரும், சாயங்காலம் வாக்குல வரும்னு நினைக்கிறேன். வந்தா வந்து திட்டிட்டுப் போறேன், கடையிலயே இருங்க. இப்போதைக்கு ரொம்ப நன்றி." சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து எடுத்து வெளியே ஏறிப் போனார், போகும்போது இடுப்பு ஆடவில்லை, தெருமுனை திரும்பும் வரை இவன் பார்த்துக்கொண்டே நின்றான். வராமலே இருந்திருக்கலாம், சைக்கிளை யாருக்கோ சும்மா கொடுத்துவிட்டு, வீட்டை விற்றுவிட்டு, தேய்ந்த முட்டி என்று நம்பிக்கொண்டே ஆயுசு முழுக்க இருந்திருக்கலாம், வந்தாரே... காலையிலிருந்து கதவுக்கும் வெயிலுக்கும் சொல்லிக்கொண்டிருந்த நன்றியெல்லாம் சும்மா, இதுதான் நன்றி.

மச்சான் நோட்டை மூடினான். மூடிவிட்டு, எங்கோ பார்த்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டான், "மாமா... இவங்க ஒருத்தருக்குத்தானே?" ஆமாம்டா, பின்னே என்ன, என்று சொல்ல வாயெடுத்தான், வாய் பாதியில் நின்றது. நீச்சல் சொல்லித்தரும் அந்த உயரமான மனிதர், அவரும் ஸ்டாண்டில் உட்கார்ந்தபடியே விலை ஒப்பிட்டுக்கொண்டிருந்தாரே, அவருக்கு எழுதும்போது கை நின்றதா, கல்யாணமான புதிதில் ஜோடியாக வந்த அந்த இரண்டு பேர், அந்தப் பெண்ணுக்கு எழுதிய சீட்டுக்கும் கைப்பிடிக்குமான தூரம்... நினைவில்லை, உண்மையிலேயே நினைவில்லையா, இல்லை, இன்னும் துடைத்துக்கொண்டிருக்கிறோமா, சரியான அளவெல்லாம் நோட்டில் பத்திரமாக இருக்கிறது, எழுதிக் கொடுத்த தாளெல்லாம் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறது, எது தப்பு என்று அதைப் பார்த்தால்தான் தெரியும், யாருடைய தோள் வலிக்கிறது, யார் தன் உடம்பைத் திட்டிக்கொண்டு சைக்கிளை மாடிப்படிக்கு அடியில் தள்ளியிருக்கிறார்... கதவு திறந்தது, கட்டடக்காரர், சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே, புதுப்பிக்க ஒன்று, காலி பண்ண ஒன்று என்று கையில் இரண்டு காகிதத்தோடு சிரித்தபடி நின்றார், "என்ன தம்பி, முடிவு பண்ணியாச்சா?" தயார் செய்த வாக்கியம் நாக்கு நுனியில்தான் இருந்தது, ஆனால் இதை மூடிவிட்டால் அவர்கள் தாளை எடுத்துக்கொண்டு எந்தக் கதவைத் தட்டுவார்கள், வந்து திட்டக்கூட ஒரு இடம் இருக்காதே, அதற்காக ஒரு கடையை நடத்த முடியுமா, யாராவது நடத்துவார்களா... "ஒரு அஞ்சு நிமிஷம் உக்காருங்க சார்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, மச்சானைப் பார்த்து, மத்த நோட்டையும் எடுத்துட்டு வா, எல்லாத்துலயும் போன் நம்பர் இருக்கும், ஒவ்வொருத்தரா கூப்பிடணும், என்றான், மொத்தம் எத்தனை பேர் என்று அவனுக்குத் தெரியவில்லை.