பாஸ்போர்ட் எண் மட்டும் மாறியிருக்க வேண்டும்

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மணிலாவில், கப்பலுக்கு ஆள் அனுப்பும் அலுவலகம் ஒன்றில் நானும் குப்பை கொட்டியிருக்கிறேன். அதன் வரவேற்பறையில் ஒரு பெண் கேட்ட கேள்வி இன்னும் என்னை விட்டுத் தொலையவில்லை. [முதலில் 'மழை பெய்துகொண்டிருந்த' என்று தொடங்கினேன். அடித்துவிட்டேன். மழைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.]

2

மரிவிக் அங்கே புரோகிராம் எழுதுகிறவள். மாலுமிகளின் பாஸ்போர்ட் எண்ணை மாற்ற ஒரு புரோகிராம் கேட்டார்கள். மாற வேண்டியது ஒரே ஒரு கட்டம். அதை மட்டும் மாற்றும்படி பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தவளின் பின்னால் மேலாளர் ஆர்னெல் வந்து நின்றார்.

"என்ன மரிவிக், எம்பிராய்டரியா போடுற? ஆளோட மொத்த ரெக்கார்டையும் ஒரே டேட்டா ஸ்ட்ரக்சர்ல அள்ளு, நம்பரை மாத்து, மொத்தமா திருப்பி வை. முடிஞ்சுது ஜோலி!"

"நடுவுல வேற யாராவது வேற எதையாவது மாத்திட்டா, குயா?" அங்கே 'அண்ணே' என்பதற்குக் குயா.

"எவன் மாத்தப் போறான்? சும்மா நொச்சு பண்ணாத."

ரோடெல் என்ற மாலுமி மாற்றினான். பாஸ்போர்ட் மேசைக்காரர் அவனுடைய பதிவைத் திரையில் திறந்துவைத்துவிட்டு மெரியெண்டா என்கிற மாலைப் பலகாரம் தின்னப் போனார். அந்த நேரத்தில் அடுத்த மேசையில், 'நெருங்கிய உறவு' என்ற கட்டத்தில் அம்மா பெயரை எடுத்துவிட்டுப் புது மனைவி அனலினின் பெயரைப் போடச் சொன்னான். போட்டார்கள். மேசைக்காரர் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து பாஸ்போர்ட் எண்ணைத் தட்டினார். அவர் திரையில் இருந்த பழைய பதிவு, அம்மா பெயரோடு, மொத்தமாகப் புதியதன் மேல் ஏறி உட்கார்ந்தது.

ரோடெல் கடலில் செத்தான். அலுவலகம் அம்மாவைக் கூப்பிட்டது. மருமகளைக் கண்டாலே ஆகாதவள் அவள். உடலைத் தன் ஊரான இலோயிலோவுக்குக் கொண்டுபோய்ப் புதைத்தேவிட்டாள். அனலினுக்கு ஃபேஸ்புக்தான் சொன்னது. பாவி மக்கள்!

3

என்ன நடந்தது என்று மரிவிக் தோண்டிக் கண்டுபிடித்து ஆர்னெலிடம் போனாள்.

"அந்தப் பொண்ணு வந்து கேட்டா, அவன் அவ பேரை எழுதவே இல்லைன்னு சொல்லிடு. செத்தவன் வந்து சாட்சி சொல்லப் போறானா? வாயைத் திறந்தே, உன் வேலை காலி."

(அவளுக்குக் கொஞ்சம் துணிச்சல் கொடுக்கலாமே என்று ஒரு பிரதியில் முயன்றேன். துணிச்சலை மட்டும்தான் மாற்றினேன். டயாலிசிஸ் செய்துகொள்ளும் அவளுடைய அப்பா காணாமல் போனார், வாடகை காணாமல் போனது, பயம் போனது. அது மரிவிக்கே இல்லை. நானும் மொத்தமாகத்தான் திருப்பி வைக்கிறேன் போலிருக்கிறது. எரிச்சலாக வருகிறது.)

4

ஒரு முடிவில் மரிவிக் உண்மையைச் சொல்கிறாள், வேலை போகிறது. எழுதி முடித்ததும் எனக்கு ரொம்ப நிம்மதி. இருக்காதா பின்னே, போனது என் வேலையா? இன்னொரு முடிவில் அவள் தலையைக் குனிந்துகொண்டு, "இல்லைங்க, அவர்

கை வரவில்லை. விட்டுவிட்டேன்.

நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். ஆனால் சீக்கிரம். வரவேற்பறையில் காத்திருந்த அனலின் எழுந்து மரிவிக்கின் கையைப் பிடித்துக்கொண்டுவிட்டாள்.

"ஊரே என்னை அவர் வச்சிருந்த பொம்பளைன்னு பேசுது, மேடம். எனக்குப் பணங்காசு வேணாம். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அவர் என் பேரை எழுதினாரா, இல்லையா?"